760ஆவது கேள்வி: அமெரிக்கா போன நோர்வேஜியரின் சபைகளும் அவர்களின் பிள்ளைகளும்

புலம்பெயர் தமிழர் மத்தியில் தலைமுறை இடைவெளி பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. ஆண்டுவிழா மலர்களிலும் பட்டிமன்றங்களிலும் தமிழ்ப் பாடசாலைகளின் நிர்வாகக் கூட்டங்களிலும் இது ஓயாமல் பேசப்படுகிறது. பேச்சு அநேகமாக இரண்டு முடிவுகளில் ஒன்றில் போய் நிற்கும். ஒன்று, பிள்ளைகள் மொழியை மறந்தபடியால் எம்மை விட்டுப் போகிறார்கள். மற்றது, மொழியை நாம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பிள்ளைகள் எம்மோடு நிற்பார்கள்.

கிறிஸ்தவ சபைகளில் இவ்விவாதம் இன்னும் கூர்மையாக நடக்கிறது. சைவக் கோவிலில் ஐயர் சொல்லும் மந்திரம் தகப்பனுக்கும் விளங்காது, மகனுக்கும் விளங்காது. அந்த வகையில் அங்கே தலைமுறைச் சமத்துவம் உண்டு. ஆனால் பிரசங்கத்தை மையமாகக் கொண்ட ஒரு வழிபாட்டில், பிரசங்கம் விளங்காத பிள்ளை என்ன செய்வது? தமிழ் ஆராதனையில் அரை மணித்தியாலம் குனிந்தபடி இருக்கும் அந்தப் பிள்ளையை வைத்துத்தான் மூப்பர்களும் போதகர்களும் பெற்றோரும் முரண்பட்டுக்கொள்கிறார்கள்.

இதை எமக்கு மட்டுமே நேர்ந்த, முன்மாதிரி எதுவுமற்ற ஒரு பிரச்சினையாக நாம் பேசிவருவதே எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். ஊரில் வரலாறு படிப்பித்தவன். இப்பொழுது நோர்வேயில் மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் நோர்வேஜியர் பலருக்கு மினசோட்டாவிலோ விஸ்கொன்சினிலோ தூரத்து உறவினர் உண்டு. 'இவ்வளவு காலம் இங்கே இருந்தும் ஏன் வீட்டில் தமிழ் கதைக்கிறீர்கள்' என்று கேட்பவர்களும் அவர்களுக்குள் உண்டு. அவர்களுடைய முப்பாட்டன்மாரின் சகோதரர்கள் அமெரிக்காவில் இதே கேள்வியை எதிர்கொண்டு, நூறு வருடங்களாகத் தமது தேவாலயங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையின் வரலாறு எமக்குப் பயன்படக்கூடியது என்பதே இக்கட்டுரையின் எடுகோள்.

1

1825 யூலை 4ஆம் திகதி 'ரெஸ்டோரேஷன்' என்ற சிறு பாய்க்கப்பல் ஸ்தவங்கர் துறைமுகத்திலிருந்து 52 பேருடன் புறப்பட்டது. ஒக்ரோபர் 9ஆம் திகதி நியூயோர்க்கை அடைந்தபோது அதில் 53 பேர் இருந்தனர். வழியில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. இவர்களில் பலர் குவேக்கர்கள், மற்றவர்களில் பலர் ஹன்ஸ் நீல்சன் ஹௌகேயின் வழி நின்றவர்கள். ஹௌகே ஒரு கமக்காரன் மகன். போதகரின் அனுமதியின்றிச் சாதாரண மக்கள் கூடி வேதம் பேசுவதைத் தடைசெய்த 1741ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியதற்காக 1804இலிருந்து பல ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். ஆக, முதலில் போனவர்களை வெறுமனே பிழைப்புத் தேடிப் போனவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அரசுத் திருச்சபையின் அழுத்தம் அவர்களின் பயணத்தில் ஒரு பங்கு வகித்தது. பின்னால் போனவர்களை நிலமின்மையும் வறுமையும் துரத்தின.

1825க்கும் 1925க்கும் இடையில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோர்வேஜியர் அமெரிக்கா போனார்கள். 1801ஆம் ஆண்டில் நோர்வேயின் முழுச் சனத்தொகையே ஒன்பது இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வெளியேற்றத்தின் அளவு விளங்கும். சனத்தொகையின் விகிதத்தில் அயர்லாந்துக்கு அடுத்ததாக நோர்வேயையே குறிப்பிடுவர். 2025இல் இரு நாடுகளிலும் இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டது. கொடிகளும் பேச்சுக்களும் நிறைய இருந்தன. தேவாலயங்களுக்குள் நடந்த மொழிச் சண்டை பற்றிப் பேசியவர்கள் குறைவு.

ஒப்பீட்டில் கவனம் வேண்டும். அவர்கள் வெள்ளையர், புரட்டஸ்தாந்து நாடொன்றுக்குப் போன புரட்டஸ்தாந்தினர். 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அவர்களுக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்தது. அதே 1862இல் மினசோட்டாவில் டக்கோட்டா மக்களுடனான போர் மூண்டு, டிசம்பரில் 38 டக்கோட்டா ஆண்கள் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். பின்னர் அம்மக்கள் அம்மாநிலத்திலிருந்து துரத்தப்பட்டனர். ஒருவரின் குடியேற்றம் மற்றவரின் வெளியேற்றமாக இருந்தது என்பது எங்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய பாடமல்ல. எமக்கு யாரும் நிலம் தரவில்லை. நாம் அகதி அந்தஸ்துக்கு மனுப்போட்டவர்கள். ஆனால் சபைக்குள், வீட்டுக்குள், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் நடந்தவை வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருக்கின்றன.

2

நோர்வேயில் தலைமுறைகளை ஒன்றாகக் கட்டிவைத்த சடங்கு 'திடப்படுத்தல்'. 1736ஆம் ஆண்டுச் சட்டம் அதனை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. திடப்படுத்தப்படாதவர் திருமணம் செய்ய முடியாது. அதற்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் 1739இல் கிராமப் பாடசாலைகளுக்கான சட்டமும் வந்தது. படிக்க வேண்டிய நூல் பொன்டொப்பிடன் என்ற குருவானவர் 1737இல் வெளியிட்ட வினாவிடை. அதில் 759 கேள்விகளும் 759 விடைகளும் இருந்தன. பிள்ளைகள் தேவாலயத்தின் நடுவில் வரிசையாக நிற்க, முழுச் சபையின் முன்னிலையில் போதகர் கேள்வி கேட்பார். பாட்டியும் அதே கேள்விக்கு அதே இடத்தில் நின்று விடை சொன்னவள்தான். பயங்கரமான பரீட்சை என்றாலும் மூன்று தலைமுறைக்கும் பொதுவான ஒரு பிரதி அங்கே இருந்தது.

இந்த நூல் கப்பலேறி அமெரிக்கா போனது. அங்கே அதற்கு இரண்டு கஷ்டங்கள் நேர்ந்தன.

முதலாவது, எமக்கு நன்கு பழக்கமான ஒன்று: இரட்டை வழக்கு. நோர்வே நானூறு வருடங்களுக்கு மேலாக, 1814 வரை, டென்மார்க்குடன் பிணைக்கப்பட்டிருந்தது. எழுத்து மொழி டேனிஷ். வேதாகமமும் வினாவிடையும் பாட்டுப் புத்தகமும் அந்த மொழியில் இருந்தன. வீட்டிலோ ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒவ்வொரு பேச்சு. அமெரிக்கப் பண்ணை வீட்டில் பிள்ளை தாயிடம் படித்தது ஹாலிங்டால் அல்லது வொஸ் அல்லது குட்பிரான்ட்ஸ்டால் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை போதகர் பேசியது வேறொன்று. பெற்றோர் 'எங்கள் மொழி' என்று சொன்னபோது அவர்கள் மனதில் இருந்தது இரண்டும் கலந்த ஒன்று. பிள்ளைக்கு அவை இரண்டு மொழிகள். அமெரிக்கப் பாடசாலையின் ஆங்கிலத்தோடு சேர்த்து மூன்று. அயோவாவில் நோர்வேஜியப் பெற்றோருக்குப் பிறந்த மொழியியலாளர் எய்னார் ஹௌகன் 1953இல் வெளியிட்ட தமது பெருநூலில் இந்த நிலையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வீட்டுமொழி பலமாக இருந்த பிள்ளைகளுக்கே கோவில்மொழி அந்நியமாகப் பட்டது என்பது அதிலிருந்து நாம் எடுக்கவேண்டிய முக்கிய தரவு.

இரண்டாவது, பாடசாலை. நோர்வேஜிய சினொட் என்ற பெரிய சபையமைப்பு 1853இல் உருவானது. அதன் படித்த குருமார் அமெரிக்கப் பொதுப் பாடசாலையைச் சந்தேகித்தனர். தமக்கெனத் தனிப் பாடசாலைகள் வேண்டும் என்றனர். சாதாரண சனமோ பிள்ளைகளைப் பொதுப் பாடசாலைக்கே அனுப்பியது. கடைசியில் எட்டப்பட்ட சமரசம், விடுமுறைக் காலத்தில் சில வாரங்கள் நடக்கும் நோர்வேஜிய மொழிச் சமயப் பாடசாலை. வருடத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் சிந்திக்கும் பிள்ளை, சில வாரங்களில் 759 விடைகளை இன்னொரு மொழியில் மனனம் செய்ய வேண்டியிருந்தது. எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளை அறிந்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

குருமாரில் எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கவில்லை. எல்லிங் ஐயல்சன் என்ற ஹௌகே வழிப் பிரசங்கி 1839இல் அமெரிக்கா வந்தவர். படித்த பட்டம் எதுவும் இல்லாதவர். 1841இல் அவர் நியூயோர்க் போய் லூதரின் சிறிய ஞானோபதேசத்தை ஆங்கிலத்தில் அச்சிடுவித்தார். அடுத்த வருடம் பொன்டொப்பிடனின் வினாவிடையை மூல மொழியிலேயே அச்சிடுவித்தார். முதற்கப்பல் வந்து பதினாறே வருடங்கள். பிள்ளைகளின் மொழியில் ஒன்று, பெரியோரின் மொழியில் ஒன்று என்று இரண்டையும் ஒருவரே செய்திருக்கிறார் என்பது கவனத்திற்குரியது. மொழியா பிள்ளைகளா என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. அது பின்னால், சபைகள் பெருத்து நிறுவனங்களாக மாறியபின் வந்த கேள்வி.

3

ஆங்கிலம் சபைக்குள் எந்த வாசலால் வந்தது? பிரசங்க மேடையால் வரவில்லை. ஞாயிறு பள்ளியாலும் இளைஞர் சங்கத்தாலும் வந்தது.

ஞாயிறு பள்ளி என்ற அமைப்பின் தோற்றத்தை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ரொபர்ட் ரேய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் அதனைப் பரவலாக்கினார். ஆறு நாளும் குண்டூசித் தொழிலில் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஏழாம் நாள் எழுத்தறிவு கொடுப்பது அதன் நோக்கம். பெற்றோரோடு ஆராதனைக்கு வரும் பிள்ளைகளுக்காக அது உருவாக்கப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சபைகள் அதனைத் தமது சொந்தப் பிள்ளைகளுக்கான ஏற்பாடாக மாற்றிக்கொண்டன. ஆலையின் பிள்ளைக்குக் கல்வியாக இருந்தது, சபையின் பிள்ளைக்கு ஒரு தனி அறையாக ஆகிவிட்டது. வயதுவாரியாகப் பிரிக்கப்பட்ட சபை வாழ்க்கையின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

நோர்வேஜியச் சபைகளில் இந்த அமைப்பு மொழிப் பிரிவினையோடு வந்து சேர்ந்தது. மாற்றம் அநேகமாக ஒரே ஒழுங்கில் நடந்தது. முதலில் ஞாயிறு பள்ளி ஆங்கிலமாயிற்று. பிறகு இளைஞர் கூட்டம். பிறகு திடப்படுத்தல் வகுப்பு. கடைசியாகத்தான் ஆராதனை. இடைப்பட்ட பல வருடங்களில் பல சபைகளின் நிலை இதுதான்: மேலே பெரியவர்கள் நோர்வேஜிய மொழியில் ஆராதிக்க, கீழே நிலக்கீழ் அறையில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாட்டுப் பாடினர். அல்லது ஒரு ஞாயிறு இந்த மொழி, மறு ஞாயிறு அந்த மொழி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரே போதகர் இரண்டு தடவை பிரசங்கம் செய்து களைத்தார்.

இது எல்லோருக்கும் வசதியான ஏற்பாடு. யாருக்கும் கோபமில்லை. பெரியவர்களின் மொழிக்குப் பங்கமில்லை, பிள்ளைகளும் கோவிலுக்கு வந்துபோனார்கள். ஆனால் விளைவு என்னவென்றால் ஒரே கூரையின் கீழ் இரண்டு சபைகள் உருவாகின. கீழ் அறையில் பத்து வருடம் இருந்த பிள்ளைக்கு மேலே ஏறிவரும் வயது வந்தபோது, மேலே இருந்தவர்களை அதற்குத் தெரியாது. அவர்களுக்கும் அதைத் தெரியாது. தேவாலயத்தின் நடுவில் நின்று எல்லோர் முன்னாலும் பதில் சொல்லிய பழைய முறையில் பயம் இருந்தது. ஆனால் முகங்கள் தெரிந்திருந்தன. புதிய முறை பயத்தை எடுத்துவிட்டது. கூடவே முகங்களையும் எடுத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் வழக்கமான விளக்கத்தோடு நான் மாறுபடுகிறேன். மொழி மாறியதால் தலைமுறைகள் பிரிந்தன என்று சொல்வதை விட, தலைமுறைகளைத் தனித்தனி நேரத்துக்கும் தனித்தனி அறைக்கும் ஒதுக்கியதால் மொழி மாற்றம் ஒரு பிரிவாக இறுகிப்போனது என்று சொல்வதே சரியாகத் தோன்றுகிறது. இரு மொழியும் ஒரே கூட்டத்தில் மாறி மாறிக் கேட்கப்பட்டிருந்தால் சங்கடம் இருந்திருக்கும். பேரனின் மொழியில் தாத்தா தடுமாறியிருப்பார், தாத்தாவின் மொழியில் பேரன் தடுமாறியிருப்பான். அந்தச் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகவே எல்லா ஏற்பாடுகளும் செய்யப்பட்டன. தவிர்க்கப்பட்டது உறவு.

4

மெல்ல நடந்துகொண்டிருந்த இம்மாற்றத்தை அரசியல் வந்து முடுக்கியது. 1917 யூன் மாதத்தில் மூன்று பெரிய சபையமைப்புகள் சேர்ந்து 'அமெரிக்க நோர்வேஜிய லூதரன் திருச்சபை' உருவானது. அதற்கு இரண்டு மாதங்கள் முன்னதாக அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியிருந்தது. ஜேர்மன் மொழிக்கு எதிராகக் கிளம்பிய வெறி எல்லா அந்நிய மொழிகளையும் தொட்டது. 1918 மே 23ஆம் திகதி அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் ஆணை பிறப்பித்தார். பாடசாலையிலும் பொது இடத்திலும் புகைவண்டியிலும் தொலைபேசியிலும் பொது ஆராதனையிலும் ஆங்கிலம் மட்டுமே பேசப்படலாம். ஆங்கிலம் விளங்காதவர்கள் வீட்டில் இருந்து வழிபடலாம். 'பாபேல் பிரகடனம்' என்று பெயர்பெற்ற அவ்வாணை, போர் முடிந்தபின் அவ்வருட டிசம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் வெட்கம் விலகவில்லை. புதிய திருச்சபையில் 1917இல் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இருந்த நோர்வேஜிய ஆராதனைகள் அடுத்த வருடமே அறுபதளவுக்கு இறங்கின.

தாம் நேற்றுத்தான் சூட்டிய பெயரிலிருந்து 'நோர்வேஜிய' என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று 1918ஆம் ஆண்டு மாநாடு பெரும்பான்மை வாக்குகளால் தீர்மானித்தது. எதிர்ப்பு கிளம்பியது. 1920இல் தீர்மானம் கைவிடப்பட்டது. பிறகு 1946இல் அச்சொல் அநேகமாக ஒரு கண்ணீர்த்துளியும் இன்றி நீக்கப்பட்டது. இருபத்தாறு வருடங்களுக்கு முன் சண்டை பிடித்தவர்கள் அதற்குள் மயானத்துக்குப் போயிருந்தனர்.

எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் நாவலாசிரியர் ஓ. ஈ. ரோல்வோக். 1876இல் வட நோர்வேயின் டோன்னா தீவில் பிறந்தவர். லொபோத்தன் கடலில் மீன்பிடித்தவர். 1896இல் தெற்கு டக்கோட்டா போய்ப் பண்ணைக் கூலியாக வேலை செய்து, படித்து, மினசோட்டாவின் சென். ஓலாவ் கல்லூரியில் பேராசிரியரானவர். மீனிலிருந்து கல்லூரிக்குப் போன அவரை, கல்லூரியிலிருந்து மீனுக்கு வந்த நான் சற்றுப் பொறாமையோடுதான் வாசிக்கிறேன். மூதாதையரின் பேற்றைத் தூக்கியெறிகிற ஒரு மக்கள் கூட்டம் புதிய நாட்டுக்கு எதையும் கொடுக்க முடியாது என்பது அவருடைய வாதம். 1922இல் இதுபற்றித் தனிநூலே எழுதினார்.

ஆனால் கட்டுரையாளர் ரோல்வோக்கை விட நாவலாசிரியர் ரோல்வோக் கூடுதலாக அறிந்திருந்தார். அவருடைய முப்பெரும் நாவல்களில் பெரெட் என்ற தாய் தன் இளையமகன் பெடர் ஆங்கிலத்தோடு தன் கையைவிட்டு நழுவிப் போவதைப் பார்த்துத் துடிக்கிறாள். அவன் ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணை மணக்கிறான். 1931இல் வெளியான கடைசி நாவலில், பிறந்த குழந்தைக்கு இரு பக்கமும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இரகசியமாக ஞானஸ்நானம் கொடுக்கின்றனர். இரண்டு பாட்டன் வழிகளும் ஒரு குழந்தையை இழுக்கின்றன. யாரும் யாரோடும் பேசுவதில்லை. பெரெட்டைப் பிற்போக்குவாதி என்று ஒதுக்க ரோல்வோக் எம்மை விடுவதில்லை. பெடரைத் துரோகி என்று ஒதுக்கவும் விடுவதில்லை. எம்மவர் எழுதிய எத்தனை நாவல்கள் இப்படி இரு பக்கமும் நிற்கின்றன என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஆங்கிலத்தை ஆதரித்தவர்களையும் குறைத்து மதிப்பிடக்கூடாது. அவர்கள் பிள்ளைகளை நினைத்தார்கள். அதற்கு விலை கொடுத்தவர்கள் முதியவர்கள். நிலத்தை உடைத்து, தேவாலயத்தைத் தம் கையால் கட்டிய கிழவிகள், தமது கடைசி வருடங்களில் விளங்காத பிரசங்கத்தைக் கேட்டபடி அதே வாங்கில் மௌனமாக இருந்தனர். முன்பு பேரன் இருந்த மௌனத்தில் இப்போது பாட்டி. மௌனம் ஒழியவில்லை, ஆளைத்தான் மாற்றிக்கொண்டது.

5

பின்னர் என்ன நடந்தது? மூன்று விடயங்களைக் குறிப்பிடலாம்.

ஒன்று, 1922இல் மினியாப்பொலிஸ் நகரில் நோர்வேஜிய மொழியைக் காப்பதற்கென்றே 'மின்டெக்கிர்க்கன்', அதாவது நினைவாலயம், என்ற சபை நிறுவப்பட்டது. நூறு ஆண்டுகள் கடந்தும் அங்கே நோர்வேஜிய ஆராதனை நடக்கிறது. இன்று அங்கே வருபவர்களில் பலர் அமெரிக்காவில் பிறந்து, அம்மொழியை வளர்ந்தபின் வகுப்பில் படித்தவர்கள். மொழி தப்பியது, ஆனால் குடும்பத்துக்குள் கைமாறவில்லை.

இரண்டு, 1937இல் வரலாற்றாசிரியர் மார்க்கஸ் லீ ஹன்சன் இலினோய் மாநிலத்தில் சுவீடிஷ் லூதரன் வம்சாவளியினரின் வரலாற்றுக் கழகம் ஒன்றில் புகழ்பெற்ற உரையொன்றை ஆற்றினார். மகன் மறக்க விரும்பியதைப் பேரன் நினைவுகூர விரும்புகிறான் என்பது அதன் சாரம். எம்மில் பலர் இதைக் கேட்டு ஆறுதல் அடைவதுண்டு. ஆனால் ஆறுதலில் ஒரு பொறி இருக்கிறது. பேரன் எதை நினைவுகூருவான்? மகன் காலத்தில் சொல்லப்படாமல் விடப்பட்டதை அவன் நினைவுகூர முடியாது. அவனுக்கு எஞ்சுவது உடையும் உணவும் கொடியும். இன்றும் மினசோட்டாவிலும் விஸ்கொன்சினிலும் லூதரன் சபைகள் இலையுதிர்காலத்தில் 'லூட்டபிஸ்க்' எனும் உவர்க்காரத்தில் ஊறிய மீனையும் உருளைக்கிழங்கு ரொட்டியையும் சமைத்து ஊருக்கே விருந்து வைக்கின்றன. இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தச் சமையலறையில் பாட்டியும் மகளும் பேர்த்தியும் ஒரே மேசையில் நின்று வேலை செய்கிறார்கள். அங்கே வயதுவாரி அறைகள் இல்லை. சபையின் மற்றக் கிளைகள் பிரித்ததை அந்த அடுப்படி பிரிக்கவில்லை.

மூன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இந்த நூற்றாண்டில் ஒஸ்லோ பல்கலைக்கழக மொழியியலாளர்கள் விஸ்கொன்சினின் வெஸ்ட்பி, கூன் வலி போன்ற ஊர்களுக்குப் போய், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த, மூதாதையர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வந்துவிட்ட முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்தனர். அவர்கள் பழைய பள்ளத்தாக்குப் பேச்சைப் பேசினார்கள். ஆனால் அவர்களில் அநேகருக்கு நோர்வேஜிய மொழியை எழுதவோ வாசிக்கவோ தெரியாது. தேவாலயம் காக்க முயன்ற புத்தகமொழி போய்விட்டது. யாரும் காக்க முயலாத மாட்டுக்கொட்டில் மொழி மூன்றாம் தலைமுறைக்கும் அப்பால் போயிருக்கிறது. காரணம் வெளிப்படை: தாத்தாவோடும் பாட்டியோடும் வேலை செய்த பிள்ளைகள் அவர்கள். மொழியைப் படிப்பதற்காக யாரும் தாத்தாவிடம் போகவில்லை. பால் கறக்கப் போனார்கள்.

6

இனி எம்மைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நோர்வேயின் கத்தோலிக்க ஆலயங்களில் தமிழ்த் திருப்பலி நடக்கிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் தமிழ்ப் புரட்டஸ்தாந்து சபைகளும் பெந்தகொஸ்தே சபைகளும் பல உண்டு. பெரும்பாலான இடங்களில் நாமும் அதே தீர்வைத்தான் நாடியிருக்கிறோம்: பெரியவர்களுக்குத் தமிழ் ஆராதனை, பிள்ளைகளுக்கு வேறு அறை, வேறு மொழி, கிற்றார். சண்டையில்லாத தீர்வு. மேற்சொன்ன வரலாறு சரியென்றால், இது பிரிவை ஒத்திப்போடும் தீர்வு மட்டுமே.

தமிழ் ஆராதனை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. முதியவர்களின் வாயடைத்து இளையவர்களுக்கு இடம் கொடுப்பது அமெரிக்கச் சபைகள் ஏற்கெனவே செய்து பார்த்த ஒன்று. நான் சொல்வது வேறு. எந்தத் தமிழ் என்று கேட்க வேண்டும். வேதாகமத் தமிழ் விளங்காத பிள்ளைக்கு அம்மாவின் தமிழ் விளங்கும். அந்தத் தமிழில் ஒரு பிரசங்கம் செய்தால் வேதத்துக்கு இழுக்கு வரும் என்று கருதுவது, கொப்பன்ஹேகன் எழுத்தைக் கட்டிப்பிடித்த பழைய குருமாரின் நினைப்புத்தான். இரண்டு மொழியும் ஒரே கூட்டத்தில் கேட்கட்டும், தடுமாற்றம் வரட்டும். சபையின் வரவு செலவிலும் தீர்மானங்களிலும் இருபது வயதுப் பிள்ளைக்கு வாக்கு இருக்கட்டும். கதிரை அடுக்கவும் ஒலிவாங்கி பூட்டவும் மட்டும் அவர்களைக் கூப்பிடுகிற வழக்கம் போதும்.

எல்லாவற்றிலும் கடினமானது கேள்விகள் பற்றியது. பொன்டொப்பிடனின் நூலில் 759 கேள்விகளுக்கும் விடை இருந்தது. பிள்ளை 760ஆவது கேள்வியைக் கேட்டபோதுதான் வீட்டில் விடை இருக்கவில்லை. எமது பிள்ளைகளிடமும் அத்தகைய கேள்விகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துச் சபைகளுக்குள் சாதி எப்படி இருந்தது? இங்கே கலியாணப் பேச்சு வரும்போது அது எங்கிருந்து திரும்பி வருகிறது? 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டபோது எங்கள் தேவாலயங்களும் கோவில்களும் என்ன சொல்லின? 2009இல் இறந்தவர்களுக்காகச் செபிக்கிறோம். எல்லோராலும் கொல்லப்பட்ட எல்லோருக்காகவும் செபிக்கிறோமா? இவற்றைப் பிள்ளைகள் நோர்வேஜிய மொழியில் கேட்டால் என்ன, தமிழில் கேட்டால் என்ன? எமக்குக் கேள்வி விளங்காமல் போகவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதற்கு 'பிள்ளைக்குத் தமிழ் தெரியாது' என்பது வசதியான காரணமாக அமைந்துவிட்டது.

பிள்ளைகளின் மொழிக்குறையைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவது, எமது பேச்சின்மையைப் பற்றிப் பேசாமலிருப்பதற்காகத்தானோ என்ற ஐயம் எனக்கு உண்டு. சபை என்பது வெவ்வேறு வயதினர் வாரந்தோறும் கூடுகிற, எம்மிடம் எஞ்சியுள்ள மிகச் சில இடங்களில் ஒன்று. சங்கங்கள் உடைந்தன, வாசிகசாலைகள் மூடப்பட்டன, அரசியல் அமைப்புகளுக்கு இளையவர்கள் வருவதில்லை. மதநம்பிக்கை இல்லாதவர்களும் இவ்விடயத்தைப் போதகர்களின் வீட்டுப் பிரச்சினையாக ஒதுக்கிவிடாமல் பேச வேண்டும். கோவில்கள், தமிழ்ப் பாடசாலைகள் சார்ந்தவர்கள் தமது அனுபவங்களை வைத்து இக்கருத்துக்களை மறுத்தோ வளர்த்தோ எழுதுவார்களானால் விவாதம் பயனுள்ளதாக அமையும். இளையவர்கள் எழுதினால் இன்னும் நல்லது. தமிழில் எழுத முடியாதவர்கள் தமக்கு வந்த மொழியில் எழுதட்டும். மொழிபெயர்ப்பது எங்கள் பொறுப்பு.